ஓடியது ஒரு மணி நேரம், நின்றது இருபத்து மூன்று: பாரிஸ் வாடகை ஸ்கூட்டர்களின் ஐந்து ஆண்டுகள்

ஒரு வாடகை ஸ்கூட்டர் நாளொன்றுக்கு ஐந்து சவாரி போகிறது என்று வைத்துக்கொள்வோம். சவாரிக்குப் பன்னிரண்டு நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம் வருகிறது. மீதி இருபத்து மூன்று மணி நேரமும் அந்த வண்டி எங்கேயோ நிற்கிறது. அந்த ‘எங்கேயோ’ யாருடைய இடம்? பாரிஸ் நகரம் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தொடங்கியபோது ஓராண்டு கடந்திருந்தது. விடை கிடைத்துச் செயலுக்கு வந்தபோது மேலும் ஓராண்டுக்கு மேல் ஓடியிருந்தது. அதற்குள் மக்கள் தங்கள் முடிவை எடுத்துவிட்டார்கள் என்பதே இந்த நிகழ்வைப் படித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவாகும் செய்தி.

இங்கே ஸ்கூட்டர் என்பது உட்கார்ந்து ஓட்டும் வண்டியைக் குறிக்காது. இரண்டு சிறிய சக்கரம், நடுவே ஒரு பலகை, முன்னால் ஒரு கம்பி, அதன் உச்சியில் கைப்பிடி. நின்றபடியே ஓட்ட வேண்டிய மின்வண்டி. பிரெஞ்சுக்காரர்கள் இதைத் ‘திரோத்தினெத்’ என்கிறார்கள். கைபேசிச் செயலியில் அருகிலுள்ள வண்டியைப் பார்த்து, அதன்மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் பூட்டு திறக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் விட்டுவிட்டுச் செயலியில் சவாரியை முடித்துக்கொள்ளலாம். தொடக்க காலத்தில் பாரிஸில் பூட்டைத் திறக்க 1 யூரோ, பிறகு நிமிடத்துக்கு 15 சென்ட் என்பது கட்டணம். திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய நிலையம் எதுவும் கிடையாது. இந்த வசதிதான் சேவையை வளர்த்தது. கடைசியில் அதை வீழ்த்தியதும் இதே வசதிதான்.

2018 ஜூன் மாதம் அமெரிக்காவின் லைம் நிறுவனம் முதல் வண்டிகளைப் பாரிஸ் தெருக்களில் இறக்கியது. 2023 ஏப்ரல் 2 அன்று நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 89 விழுக்காட்டினர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 31உடன் நிறுவனங்களின் ஒப்பந்தம் முடிந்தது; வண்டிகள் நகரத்தைவிட்டு வெளியேறின.

வந்த விதம்

இந்தத் தொழிலின் பிறப்பிடம் அமெரிக்காவின் சான்டா மோனிகா. 2017 செப்டம்பரில் பேர்ட் நிறுவனம் அங்கே தன் வண்டிகளைத் தெருவில் நிறுத்தியது. நகர நிர்வாகத்திடம் முறையான அனுமதி பெறவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நகரம் அந்த நிறுவனத்தின்மீது குற்றவழக்கே தொடுத்தது. 2018 பிப்ரவரியில் 3 லட்சம் டாலருக்கு மேல் கட்டி நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. முதலீட்டாளர்கள் இதைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. பணம் மேலும் வேகமாக வந்தது. 2018 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலும் இதே கதை நடந்தது. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான வண்டிகளை இறக்கிவிட வேண்டும், மக்கள் பழகிவிட்டால் நகரத்தால் எடுக்க முடியாது என்பது அப்போதைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் லைமும் பேர்டும் கடல் கடந்தன.

பாரிஸ் அவர்களுக்குப் பொருத்தமான நேரத்தில் கிடைத்தது. 2007இலிருந்து நகரத்தின் பெருமையாக இருந்த வெலிப் என்ற பொதுச் சைக்கிள் சேவை 2018 தொடக்கத்தில் வேறு நிறுவனத்துக்குக் கைமாறி, நிலையங்கள் திறக்காமலும் சைக்கிள்கள் கிடைக்காமலும் தடுமாறிக்கொண்டிருந்தது. ஓத்தோலிப் என்ற மின்கார் பகிர்வுச் சேவை கடனில் மூழ்கி 2018 ஜூலை இறுதியில் மூடப்பட்டது. நிலையமில்லாச் சைக்கிள்களோடு வந்த கோபி நிறுவனம், வண்டிகள் உடைக்கப்படுவதையும் திருடப்படுவதையும் தாங்க முடியாமல் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே போய்விட்டது. மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்கு, அலுவலகத்திலிருந்து ஆற்றங்கரைக்கு என்று குறுகிய தூரம் போக வேண்டியவர்களுக்கு ஒரு வெற்றிடம் இருந்தது. அந்த இடத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றபோது மக்கள் அதை விரும்பி எடுத்தார்கள். இதைச் சொல்லாமல் பிந்தைய கோபத்தை மட்டும் பேசினால் ஆய்வு நேர்மையானதாக இருக்காது.

பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன: பேர்ட், டியர், டாட், வொய், விண்ட், ஹைவ், ஊபர் நிறுவனத்தின் ஜம்ப். 2019 நடுவில் ஏறக்குறைய ஒரு டஜன் நிறுவனங்கள், சுமார் 20,000 வண்டிகள். நூற்றைந்து சதுர கிலோமீட்டருக்குள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கி வாழும் நகரம் அது.

ஒரு வண்டியின் கணக்கு

நிறுவனங்கள் ஏன் இவ்வளவு அவசரப்பட்டன என்பது ஒரு வண்டியின் வரவு செலவைப் பார்த்தால்தான் புரியும். 2018இல் பேர்ட் நிறுவனத்தின் உள்கணக்கு அமெரிக்கப் பத்திரிகையில் வெளியானது. ஒரு சவாரிக்கு வருமானம் சராசரியாக 3.65 டாலர். அதில் 1.72 டாலர், ஏறக்குறைய பாதி, வண்டியைச் சேகரித்துச் சார்ஜ் செய்யவே போய்விடும். பழுதுபார்ப்பு, கடன் அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணம், நகரங்களுக்கான தொகை, காப்பீடு எல்லாம் போக மிஞ்சுவது 70 சென்ட் அளவு. ஒரு வண்டியின் விலை 551 டாலர். ஆக, போட்ட பணத்தை எடுக்கவே எண்ணூறு சவாரி வேண்டும். நாளுக்கு ஐந்து சவாரி என்றால் ஐந்து மாதத்துக்கும் மேல்.

வண்டி ஐந்து மாதம் உயிரோடு இருந்ததா? அமெரிக்காவின் லூயிவில் நகரம் வெளியிட்ட தரவை வைத்து ஒரு செய்தி நிறுவனம் கணக்கிட்டபோது, தொடக்க கால வண்டிகள் சராசரியாக 29 நாள்கூடத் தாங்கவில்லை என்று தெரிந்தது. வீட்டுப் பயன்பாட்டுக்காகச் செய்த இலேசான வண்டிகளை வாங்கி, நாளெல்லாம் அந்நியர்கள் ஓட்டும் பொதுத்தெருவில் விட்டால் வேறென்ன நடக்கும்? பலகை முறிந்தது, பிரேக் தளர்ந்தது, பாரிஸில் பல வண்டிகள் ஸேன் நதியில் எறியப்பட்டன. தன்னார்வலர்கள் ஆற்றிலிருந்து அவற்றைத் தூக்கிக் கரையில் போட்ட படங்கள் நகரமெங்கும் பரவின.

சார்ஜ் செய்யும் வேலை இன்னொரு கதை. மாலையானதும் தனியாட்கள் வேன்களில் கிளம்புவார்கள். செயலியில் தெரியும் வண்டிகளைப் போட்டி போட்டு அள்ளிக்கொண்டு போய் வீட்டிலோ வாகனக் கொட்டகையிலோ சார்ஜ் ஏற்றி, விடியும் முன் திரும்ப அடுக்குவார்கள். வண்டிக்கு இத்தனை யூரோ என்று கூலி. வேலைப் பாதுகாப்பு எதுவும் இல்லை. தூய்மையான போக்குவரத்து என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு வண்டி, டீசல் வேனில் ஊரைச் சுற்றி வந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையாகவே காட்டியது: வாடகை ஸ்கூட்டரின் வாழ்நாள் கரியமில வெளியேற்றத்தில் பாதி உற்பத்தியிலிருந்து வருகிறது; 43 விழுக்காடு வண்டிகளைச் சேகரித்துப் பரப்பும் வாகனங்களிலிருந்து வருகிறது. ஓட்டுவதற்கான மின்சாரத்தின் பங்கு மிகச் சிறியது. அவர்கள் அதே மாநிலத்தின் ராலே நகரப் பயணிகளைக் கேட்டபோது, ஸ்கூட்டர் இல்லையென்றால் காரில் போயிருப்போம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். ஏறக்குறைய பாதிப் பேர் நடந்தோ சைக்கிளிலோ போயிருப்பார்கள்.

இந்தக் கணக்குகள் பிற்பாடு மாறின. கழற்றி மாட்டும் பேட்டரி வந்தது. முழு வண்டியைத் தூக்கிப் போக வேண்டியதில்லை, சரக்குச் சைக்கிளில் பேட்டரிகளைக் கொண்டுபோய் மாற்றிவிடலாம். வண்டிகள் தடிமனாகி ஆண்டுக்கணக்கில் உழைத்தன. பாரிஸில் கடைசிவரை இருந்த நிறுவனங்கள் கிடங்கும் முறையான பணியாளர்களும் வைத்திருந்தன. ஆனால் ஒரு செலவு மட்டும் தொடக்கம் முதலே கணக்கில் எழுதப்படவில்லை: நிற்கும் இடத்தின் வாடகை. ஒரு கடைக்காரர் நடைபாதையில் இரண்டு நாற்காலி போட வேண்டுமானால் பாரிஸில் அனுமதி பெற்றுக் கட்டணம் கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான வண்டிகளை நாளில் இருபத்து மூன்று மணி நேரம் பொது இடத்தில் நிறுத்திய நிறுவனங்கள் முதல் ஆண்டில் அதற்காக எதையும் கட்டவில்லை. 2019இல்தான் வண்டிக்கு ஆண்டுக்கு 50 முதல் 65 யூரோ என்று நகரம் கட்டணம் வைத்தது. நாளுக்கு 20 சென்ட்கூட ஆகவில்லை.

நடைபாதையில் நடந்தது

நடைபாதையில் கிடக்கும் ஸ்கூட்டர் ஒரு சிறு தொல்லை, தாண்டிப் போனால் தீர்ந்தது என்று இளைஞர் ஒருவர் நினைக்கலாம். வெள்ளைக்கோலால் தரையைத் தட்டி நடக்கும் பார்வையற்றவருக்கு அப்படியில்லை. அவர் பாதையை மனத்தில் வரைந்து வைத்திருக்கிறார்: இத்தனை அடி சுவர், பிறகு கம்பம், பிறகு படி. நேற்றுவரை ஒன்றும் இல்லாத இடத்தில் இன்று குறுக்கே விழுந்து கிடக்கும் கம்பி அந்த வரைபடத்தையே கலைத்துவிடுகிறது. கோல் பலகையின்மேல் போய்விடும், கணுக்கால் சக்கரத்தில் இடிக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர் நடைபாதையைவிட்டு இறங்கிக் கார்களுக்கு நடுவே போய் மீண்டும் ஏற வேண்டும். ஏறுவதற்குச் சரிவு அருகில் இருந்தால். குழந்தைத் தள்ளுவண்டியோடு வரும் தாய்க்கும் அதே பாடுதான். முதியவர் விழுந்தால் அது இடுப்பெலும்பு முறிவாகவே முடியும். இவர்கள் யாரும் செயலியைத் திறந்ததில்லை. எந்த விதிமுறைக்கும் ‘சம்மதம்’ என்று அழுத்தியதில்லை. சேவையின் வசதி ஒருவருக்கும் அதன் சிரமம் முற்றிலும் வேறொருவருக்கும் போய்ச் சேர்ந்தது என்பதை நான் இந்த நிகழ்வின் மையமாகவே பார்க்கிறேன்.

ஓடும் வண்டிகளும் நடைபாதையைவிட்டு வைக்கவில்லை. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஓசையே இல்லாமல், பின்னாலிருந்து வந்து உரசிப் போகும் ஒன்றை நடப்பவர் எப்படி எதிர்பார்ப்பார்? ஒரே பலகையில் இருவர் நின்று போவது வழக்கமானது. சிறுவர்கள் பெற்றோரின் கணக்கில் எடுத்தார்கள்.

நகரம் ஏன் உடனே தடுக்கவில்லை என்று கேட்கலாம். தடுக்கச் சட்டம் இல்லை என்பது பதில். பிரான்சின் சாலை விதிகளில் அப்போது இப்படி ஒரு வாகனமே கிடையாது. அது சைக்கிளும் இல்லை, மோட்டார் வாகனமும் இல்லை, நடப்பவரும் இல்லை. அது எங்கே ஓட வேண்டும் என்று சொல்ல முடியாதபோது எங்கே ஓடக் கூடாது என்று சொல்வதும் கடினம். நிலையமில்லாச் சேவைகளுக்கு உரிமம் கட்டாயம் என்று விதிக்கும் அதிகாரமும் நகரத்திடம் இல்லை.

2019இல் விதிகள் வரிசையாக வந்தன. நடைபாதையில் ஓட்டினால் 135 யூரோ அபராதம். மே மாதம் நிறுவனங்களோடு நன்னடத்தை ஒப்பந்தம். ஜூன் மாதம் ஸ்கூட்டரில் சென்ற ஓர் இளைஞர் லாரி மோதி இறந்தார். பாரிஸில் ஸ்கூட்டர் ஓட்டியவரின் முதல் மரணம் அது. ஜூலை இறுதியிலிருந்து நடைபாதையில் நிறுத்தினால் 35 யூரோ அபராதம், வண்டியைத் தூக்கிக்கொண்டும் போவார்கள். அக்டோபர் இறுதியில் தேசிய சாலை விதிகளில் ஸ்கூட்டருக்குத் தனி இடம் கிடைத்தது: சைக்கிள் பாதை இருந்தால் அதில், இல்லையென்றால் வேக வரம்பு 50 கிலோமீட்டருக்கு மேற்படாத சாலையில், ஒருவர் மட்டும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், வயது 12க்கு மேல். இதற்குள் பல சிறு நிறுவனங்கள் செலவு தாங்காமல் கடையைக் கட்டிவிட்டன.

2019 டிசம்பர் 24 அன்று நிறைவேறிய போக்குவரத்துச் சட்டம்தான் உண்மையான திருப்பம். நிலையமில்லா வாடகை வண்டிகள் பொது இடத்தை ஆக்கிரமிக்கின்றன, ஆகவே அந்த ஆக்கிரமிப்புக்கு நகரம் உரிமம் வழங்கலாம், எண்ணிக்கையை வரையறுக்கலாம், கட்டணம் வாங்கலாம் என்று அது சொன்னது. சட்டம் வண்டியின் ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, அது நிற்பதைப் பற்றிப் பேசியது. சரியான கேள்வியைப் பிடித்த முதல் ஆவணம் அது என்பேன். ஆனால் முதல் வண்டி இறங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

2,500 கட்டங்கள்

புதிய அதிகாரத்தோடு பாரிஸ் ஒப்பந்தப்புள்ளி கோரியது. பதினாறு நிறுவனங்கள் விண்ணப்பித்தன. 2020 ஜூலையில் லைம், டாட், டியர் ஆகிய மூன்று மட்டும் தேர்வாயின. ஒவ்வொன்றுக்கும் 5,000 வண்டி, மொத்தம் 15,000. இந்தத் தொழிலையே தொடங்கிவைத்த பேர்ட் பட்டியலில் இல்லை.

நகரம் அடுத்துச் செய்ததை எல்லா நகரங்களும் படித்துப் பார்க்க வேண்டும். சாலையோரத்தில் கார் நிறுத்தும் இடங்களை எடுத்து ஸ்கூட்டர்களுக்கென்று சுமார் 2,500 கட்டங்கள் வரைந்தது. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறு ஸ்கூட்டர் தாராளமாக நிற்கும். 15,000ஐ 2,500ஆல் வகுத்தாலும் ஆறுதான் வருகிறது. நடப்பவரிடமிருந்து பறித்த இடத்தைக் கார்களிடமிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்தது போன்ற செயல் அது. அரசியல் துணிவு இல்லாமல் இதைச் செய்ய முடியாது. காரும் நாளின் பெரும்பகுதி சும்மாதான் நிற்கிறது. அதற்கென்று கோடு போட்ட இடம் இருப்பதால் அந்த நிற்றல் யார் கண்ணிலும் படுவதில்லை.

கட்டத்தில் நிறுத்தியதை எப்படி உறுதி செய்வது? வண்டியிலுள்ள ஜிபிஎஸ் கருவி செயலிக்கு இருப்பிடத்தைச் சொல்கிறது. கட்டத்துக்கு வெளியே இருந்தால் சவாரி முடியாது, கட்டண மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். முடித்ததும் வண்டியைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எழுத்தில் எளிது. தெருவில் ஜிபிஎஸ் சில மீட்டர் பிழையோடுதான் வேலை செய்கிறது. இருபுறமும் ஆறு மாடிக் கட்டடங்கள் நெருக்கி நிற்கும் குறுகிய தெருவில் சமிக்ஞை சுவரில் மோதித் திரும்புவதால் பிழை இன்னும் கூடும். கட்டத்தின் அகலமோ இரண்டு மீட்டர். ஆகவே கட்டத்துக்குள் ஒழுங்காக நிறுத்தியவரின் மீட்டர் ஓடியதும், பக்கத்து நடைபாதையில் சாய்த்தவரின் சவாரி முடிந்ததும் நடந்தன. அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்றும் உண்டு: சவாரி முடிந்த பிறகு அந்த வழியே போகிறவர் வண்டியைத் தள்ளிவிட்டால் செயலிக்கு யார் மேல் பழி போடுவதென்று தெரியாது. ஒரு வண்டியைத் தள்ளினால் வரிசையே சரிந்தது. நிமிர்த்தி வைக்க நிறுவனங்களின் ஆட்கள் ரோந்து போனார்கள்.

இத்தனை குறைகளோடும் 2021, 2022ஆம் ஆண்டுகளின் பாரிஸ் 2019ஆம் ஆண்டின் பாரிஸைவிட எவ்வளவோ ஒழுங்காக இருந்தது. உலகிலேயே மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஸ்கூட்டர் சந்தைகளில் ஒன்றாக அது மாறியிருந்தது.

ஜூன் 2021

2021 ஜூன் நடுவில், ஸேன் ஆற்றங்கரையில் நடப்பவர்களுக்கென்று விடப்பட்ட பாதையில் ஓர் இரவு, இரண்டு பெண்கள் ஒரே ஸ்கூட்டரில் வந்து முப்பது வயதைத் தாண்டிய ஓர் இத்தாலியப் பெண்ணின்மேல் மோதினார்கள். கீழே விழுந்ததில் தலையில் அடிபட்டு இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். வேலை பார்த்துப் பிழைக்கப் பாரிஸ் வந்தவர். மோதியவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள்.

அதுவரை ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு ஆபத்து என்ற பேச்சு இருந்தது. நடந்து போகிறவரைக் கொல்லும் என்பதை நகரம் அன்று பார்த்தது. நிறுவனங்களை அழைத்த நகர நிர்வாகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எச்சரித்தது. நவம்பரில் சுமார் 700 இடங்களில் வண்டியின் வேகம் தானாகவே மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறையும் ஏற்பாடு வந்தது. பள்ளி வாசல், பூங்கா, கடைத்தெரு போன்ற இடங்கள் அவை. தொழில்நுட்பம் இருந்தது, செய்யச் சொன்னபோது சில மாதங்களில் செய்து முடித்தார்கள். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்ற வருத்தம் இந்த இடத்தில் எனக்குத் தாங்க முடியாததாகிறது.

2022 செப்டம்பரில் நகரம் மீண்டும் கெடு வைத்தது. நவம்பரில் நிறுவனங்கள் புதிய யோசனைகளை முன்வைத்தன: வண்டிக்குப் பதிவெண் பலகை, அடையாளச் சான்று வழியாக வயதுச் சரிபார்ப்பு, விதி மீறுபவரைக் கேமராக்கள் மூலம் கண்டுபிடிக்க ஒத்துழைப்பு. நல்ல யோசனைகள். நான்கு ஆண்டுக்கு முன் வந்திருக்க வேண்டிய யோசனைகள். 2023 ஜனவரியில் மேயர் ஆன் இடால்கோ முடிவை மக்களிடமே விடுவதாக அறிவித்தார். தம் தனிப்பட்ட நிலைப்பாடு எதிர்ப்புதான் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வாக்கெடுப்பு பாரிஸ் மாரத்தான் நடந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நேரில் போய்த்தான் வாக்களிக்க வேண்டும்; இணையவழி வாக்கு வேண்டுமென்ற நிறுவனங்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. நிறுவனங்கள் அன்று இலவசச் சவாரி கொடுத்தன, சமூக ஊடகப் பிரபலங்களைக் கொண்டு பிரசாரம் செய்தன. பதிவு பெற்ற வாக்காளர் சுமார் 13.8 லட்சம். வந்தவர்கள் 1,03,000 பேர், எட்டு விழுக்காட்டுக்கும் கீழே. அவர்களில் 89 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள்.

இந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். வாக்காளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வீட்டிலேயே இருந்த ஒரு வாக்கெடுப்பு எதையும் நிரூபிக்காது என்பது நிறுவனங்களின் வாதம். ஸ்கூட்டரை அதிகம் பயன்படுத்தியவர்கள் இளைஞர்கள், புறநகர்வாசிகள், சுற்றுலாப் பயணிகள்; அவர்களில் பலருக்கு வாக்குரிமையே இல்லை, இருந்தவர்களும் வரவில்லை. வரிசைகளில் முதியவர்கள் அதிகம் தெரிந்தார்கள். இதில் உண்மை இருக்கிறது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வாடகை வண்டியைப் பற்றிய வாக்கெடுப்புக்காக, கட்டாயம் எதுவும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஒரு லட்சம் பேர் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். சேவையால் பயன்பெற்றவருக்கு அது பத்து நிமிட வசதி; இல்லாவிட்டால் சைக்கிளோ மெட்ரோவோ இருக்கிறது. சிரமப்பட்டவருக்கு அது தினமும் வாசலில் கிடந்த ஒன்று. யார் வருவார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

இன்னொன்றையும் கவனிக்கிறேன். 2023இல் வாக்களித்தவர்கள் 2023ஆம் ஆண்டின் தெருவைப் பார்த்து வாக்களிக்கவில்லை. கட்டங்களும் வேகக் கட்டுப்பாடும் வந்த பிறகும் அவர்கள் மனத்தில் இருந்தது முதல் இரண்டு ஆண்டுகள். ஓர் ஊர் தன் தெருவைப் பற்றி ஒருமுறை கசந்துவிட்டால் பின்னால் வரும் ஒழுங்கு அதை எளிதில் ஆற்றாது. கேள்வித்தாளும் இடைவழி எதையும் தரவில்லை. ‘5,000 வண்டி மட்டும்’, ‘இரவில் வேண்டாம்’ என்றெல்லாம் சொல்ல அதில் இடமில்லை. வேண்டுமா வேண்டாமா என்பது மட்டுமே. நார்வேயின் ஆஸ்லோ 2021இல் எண்ணிக்கையை 8,000 ஆகக் குறைத்து இரவு 11 முதல் காலை 5 வரை வாடகையை நிறுத்தியது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் ஒருமுறை நகர மையத்திலிருந்து வண்டிகளை அகற்றிவிட்டு, புதிய நிபந்தனைகளோடு திரும்ப அனுமதித்தது. இப்படிப்பட்ட நடுவழிகள் இருந்தன. பாரிஸ் மக்கள் முன் அவை வைக்கப்படவில்லை.

வாக்கெடுப்பு வாடகை வண்டிகளை மட்டுமே நீக்கியது. சொந்த ஸ்கூட்டர்கள் தொடர்ந்து ஓடுகின்றன. பிரான்சில் 2022இல் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கூட்டர்கள் விற்றன. அவற்றுக்குத் தானாகக் குறையும் வேகம் கிடையாது, செயலியின் கண்காணிப்பும் கிடையாது. பாதுகாப்பு மட்டுமே காரணம் என்றால் இந்த முடிவு பொருந்தவில்லை. சொந்த ஸ்கூட்டர்க்காரர் இறங்கியதும் வண்டியை மடித்து வீட்டுக்குள் கொண்டுபோகிறார். அது தெருவில் நிற்பதில்லை. மக்கள் எதை மறுத்தார்கள் என்பது இந்த வேறுபாட்டில் தெரிகிறது.

அதே மூவர், லண்டனில்

லண்டனில் நிலைமை நேர் எதிர். அங்கே சொந்த ஸ்கூட்டரைப் பொதுச்சாலையில் ஓட்டுவது சட்டவிரோதம். அரசு அனுமதித்த சோதனைத் திட்டத்தின் வாடகை வண்டிகள் மட்டுமே சட்டப்படி ஓடலாம். 2021 ஜூனில் அந்தத் திட்டம் தொடங்கியபோது தேர்வான நிறுவனங்கள் டாட், லைம், டியர். பாரிஸில் இருந்த அதே மூன்று. ஆனால் வயது 18க்கு மேல், ஓட்டுநர் உரிமம் கட்டாயம், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர், குறிப்பிட்ட நிறுத்துமிடத்தில் மட்டுமே சவாரியை முடிக்கலாம் என்ற விதிகள் முதல் வண்டி இறங்கும் முன்பே எழுதப்பட்டிருந்தன. எண்ணிக்கை சில நூறில் தொடங்கி மெல்லக் கூடியது. வழுக்கும் வேகத்தில் வளரவில்லை, பெரிய லாபமும் இல்லை; அதே சமயம் துரத்தியடிக்கும் கோபமும் எழவில்லை.

லண்டனிலேயே இன்னொரு சான்று கிடைத்தது. 2024இல் அங்கே நிலையமில்லா வாடகை மின்சைக்கிள்களைக் கட்டுப்படுத்த நகரப் போக்குவரத்து அமைப்புக்குச் சட்டபூர்வ அதிகாரம் இருக்கவில்லை. ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியும் நிறுவனத்தோடு தனித்தனியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. விளைவாக, நடைபாதையை அடைக்கும் வாகனம் என்று லண்டன்வாசிகள் குறை சொன்னது சைக்கிளைத்தான். அந்த ஆண்டு பிரென்ட் பகுதி நிர்வாகம் லைம் நிறுவனத்திடம் சைக்கிள்களை அகற்றிவிடும்படி கெடு விதிக்கும் அளவுக்கு அது போனது. பிறகு நிறுவனம் நிறுத்துமிடங்களுக்கு இணங்கிப் பேச்சுக்கு வந்தது. ஒரே நகரம், ஒரே நிறுவனம். நிறுத்துமிட விதி முதலிலேயே இருந்த ஸ்கூட்டர் தப்பியது; இல்லாத சைக்கிள் சிக்கியது. எந்த வண்டி என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை நான் பார்க்கவில்லை.

பிறகு

பாரிஸிலிருந்து கிளம்பிய வண்டிகள் வேறு நகரங்களுக்குப் போயின. மூன்று நிறுவனங்களும் பாரிஸில் வாடகைச் சைக்கிள் சேவையைத் தொடர்ந்தன. அதற்குத் தடை இல்லை. 2023 டிசம்பர் 20 அன்று பேர்ட் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரியது. தொடங்கி ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் பங்குச் சந்தையில் நுழைந்தபோது அதன் மதிப்பு 230 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. 2024 ஜனவரியில் டாட், டியர் இரண்டும் இணைவதாக அறிவித்தன. அதே ஆண்டு மார்ச்சில் மால்டா வாடகை ஸ்கூட்டர்களைத் தடை செய்தது. ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மன்றம் தன் ஒப்பந்தத்தை முறித்தது.

செப்டம்பரில் மாட்ரிட் தன் மூன்று நிறுவனங்களின் உரிமத்தையும் ரத்து செய்தது. லைம், டாட், டியர். வண்டிகள் எங்கே ஓடுகின்றன, எங்கே நிறுத்தப்படுகின்றன என்பதைக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பத்தை நிறுவனங்கள் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்பது நகரம் சொன்ன காரணங்களில் ஒன்று.